ஆமைக்கு இனிஷியல் என்ன?

இந்த வாரம் எடுத்த எடுப்பிலேயே ஒரு சர்ப்ரைஸ் டெஸ்ட். பிட் வேண்டாம், மார்க்கும் கிடையாது. ஒரே ஒரு கேள்விதான்.

ராத்திரி பூரா மழை பெய்து விட்டிருக்கு. காலையில் நீங்க காலேஜுக்குக் கிளம்புறீங்க. திருத்தணியிலிருந்து நகரி போற ரோடுன்னு வச்சுக்குவோம். ரோட்டுக்கு நட்டநடுவே ஒரு ஆமை. எதிர்ல லாரி. பைக்கை ஓரம் கட்டி, கையைக் காட்டி லாரியை நிறுத்தி, ஆமையைத் தூக்கிட்டீங்க. இதுவரைக்கும் நீங்க ஹீரோ. இப்போ அதை எங்கே விடுவீங்க?

அ) பக்கத்துல இருக்கிற குளத்தில்.
ஆ) ரோட்டோரப் புதரில்.
இ) ஹாஸ்டல் ரூமில், பக்கெட்டுக்குள்.

'இ' சொன்னவங்களுக்குக் கீழே தனியா கச்சேரி இருக்கு, வெயிட் பண்ணுங்க. மத்தவங்கள்ல பெரும்பாலானவங்க 'அ'தான் சொல்லியிருப்பீங்க. ஆமைன்னா தண்ணி, இதுல யோசிக்க என்ன இருக்கு?

இருக்கு பாஸ். உங்க கையில் இருந்தது நட்சத்திர ஆமையா இருந்தால், நீங்க அதைக் காப்பாத்தலை, மூழ்கடிச்சுட்டீங்க. அது தரையில் வாழுற ஆமை. அதுக்கு நீச்சல் தெரியாது.

நல்ல மனசு இருந்தும் ஒரு உயிர் போகுது. ஏன்? அதோட சரியான பேர் தெரியாததால. 'வகைப்பாட்டியல்'னு ப்ளஸ் டூ புத்தகத்தில் ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்தோமே, அந்தப் பாடத்துக்கு நிஜ வாழ்க்கையில் இவ்வளவு வெயிட் இருக்கு. அதனால இந்த வாரம் ஆமைகளோட ரேஷன் கார்டைப் பிரிச்சுப் பார்க்கலாம்.

எல்லாருக்கும் ஒரே பேர்

நமக்கு வார்த்தை ஒண்ணுதான்: ஆமை. கடல்ல இருந்தாலும், கிணத்துல இருந்தாலும், கல்லுமேட்டுல இருந்தாலும் ஆமை. சங்கப் புலவர்கள் 'யாமை'ன்னாங்க. திருத்தணி பஸ் ஸ்டாண்டில் தெலுங்கு பேசுறவங்க கிட்ட கேட்டா 'தாபேலு'ம்பாங்க. அதிலும் ஒரே வார்த்தைதான் எல்லாத்துக்கும்.

இது நம்ம ஊர்க் குறைன்னு நினைக்காதீங்க. உயிரினங்களுக்கு ரெண்டு சொல்லில் பேர் வைக்கிற முறையைக் கொண்டுவந்த ஸ்வீடன்காரர் லின்னேயஸ், 1758-ல் தனக்குத் தெரிஞ்ச எல்லா ஆமைகளையும் 'டெஸ்டுடோ'ங்கிற ஒரே பேரினத்துக்குள்ளதான் போட்டார். கடலாமையும் அதுல, குளத்தாமையும் அதுல. பிறகு வந்தவங்க பிரிச்சுப் பிரிச்சு, இன்னைக்கு உலகம் முழுக்கச் சுமார் 360 இனங்கள் இருக்குங்கிறாங்க. இந்தியாவில் மட்டும் நன்னீர் ஆமையும் தரை ஆமையும் சேர்த்து 29 இனங்கள்.

ஆனா, வார்த்தை ஒண்ணா இருந்தாலும் நம்ம பெரியவங்க கவனிக்காம விடலை. திருக்குறளில் அடக்கத்துக்கு உதாரணமா ஆமை வருதே, ஞாபகம் இருக்கா? தலை ஒண்ணு, கால் நாலு, ஆக அஞ்சையும் உள்ளே இழுத்துக்கும்னு. அந்த ஆமை கண்டிப்பா கடலாமை கிடையாது! கடலாமையால தலையையும் துடுப்பையும் ஓட்டுக்குள்ள இழுத்துக்கவே முடியாது. வள்ளுவர் பார்த்தது குளத்தாமையோ தரை ஆமையோதான். எப்படி, ஒரு குறளை வச்சு ஒரு குடும்பத்தையே லிஸ்ட்டில் இருந்து தூக்கிட்டோம் பாருங்க. வகைப்பாட்டியல்னா இவ்வளவுதான். உடம்பைப் பார், கேள்வி கேள், ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வா.

நாலு பேர், நாலு குடும்பம்

இப்போ திருத்தணிக்கு வருவோம். மலைமேல முருகன், ஏறிப்போக 365 படி. கீழே ஆடிக்கிருத்திகைக்குத் தெப்பம் விடுற சரவணப் பொய்கை. சுத்தி ஏரி, குட்டை, வயல், ஆந்திரா பக்கம் போகப்போக வறண்ட புதர்க்காடு. இப்படிப்பட்ட ஊர்ல நீங்க எதிர்கொள்ளக்கூடிய ஆமைகள் முக்கியமா நாலு. மூணு பேர் மண்ணின் மைந்தர்கள். ஒருத்தர் ஃபாரின் ரிட்டர்ன். இல்ல, ரிட்டர்ன் கூட ஆகாத ஃபாரின்.

முதல் ஆள், பாலாமை. ஓட்டைத் தொட்டுப் பார்த்தா கட்டம் கட்டமா தகடு இருக்காது. மேல தோல் போர்த்தி, வழவழன்னு இருக்கும். மூக்கு குழாய் மாதிரி நீட்டிக்கிட்டிருக்கும். அடிப்பக்கம் பின்னங்கால்களை மூடிக்க ரெண்டு தோல் மடிப்பு, ஜன்னல் கதவு மாதிரி. ஏரி வத்தினா சேத்துக்குள்ள புதைஞ்சு கிடந்து மழைக்குக் காத்திருக்கும். விஞ்ஞானப் பேர் லிஸ்ஸெமிஸ் பங்டாட்டா. குடும்பம் ட்ரையோனிகிடே. 'மூணு நகக்காரங்க'ன்னு அர்த்தம். அஞ்சு விரல் இருந்தாலும் நகம் இருக்கிறது மூணுலதான்.

ரெண்டாவது, கருப்பு ஆமை. கெட்டியான ஓடு, கருப்போ கரும்பழுப்போ நிறம். முதுகில் தலையிலிருந்து வால் வரைக்கும் நீளவாக்கில் மூணு வரப்பு. விரல்களுக்கு நடுவே சவ்வு. மெலனோகெலிஸ் ட்ரைஜுகா. மெலனோ என்றால் கருப்பு, ட்ரை என்றால் மூணு. பேரிலேயே அங்க அடையாளம் எழுதியிருக்கு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் மாதிரி. குடும்பம் ஜியோஎமிடிடே.

மூணாவது, நம்ம டெஸ்ட்டில் வந்த நட்சத்திர ஆமை. கோபுரக் கலசத்தைக் கவுத்த மாதிரி உயரமான ஓடு, ஒவ்வொரு தகட்டிலும் மஞ்சள் கதிர்கள். காலைப் பாருங்க, யானைக்கால் மாதிரி தூணா இருக்கும். சவ்வே கிடையாது. ஜியோகெலோன் எலிகன்ஸ். குடும்பம் டெஸ்டுடினிடே.

நாலாவது, பெட் ஷாப்பில் கண்ணாடித் தொட்டிக்குள்ள காயின் சைஸில் பச்சைப் பசேல்னு இருக்குமே, அது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. செங்காது ஆமைன்னு வச்சுக்கலாம். சொந்த ஊர் அமெரிக்கா. ட்ராகெமிஸ் ஸ்க்ரிப்டா எலிகன்ஸ். குடும்பம் எமிடிடே. இந்தக் குடும்பத்தில் ஒருத்தர்கூட இந்தியாவின் பூர்வகுடி கிடையாது.

கவனிச்சீங்களா? நட்சத்திர ஆமைக்கும் எலிகன்ஸ், செங்காதுக்கும் எலிகன்ஸ். க்ளாஸ்ல ரெண்டு கார்த்திக் இருந்தா இனிஷியல் பார்க்கிறோம்ல, அதே கதைதான். 'அழகானது'ன்னு பட்டம் கொடுத்தவங்க வேற, குடும்பமும் வேற.

சரி, டெஸ்ட்டுக்கு விடை. மூணு ஆப்ஷனுமே அரைகுறை. ரோட்டில் ஆமையைப் பார்த்தால், அது எந்தத் திசையில் போய்க்கிட்டிருந்ததோ அதே திசையில், ரோட்டைத் தாண்டி ஓரமா விட்டுட்டு வந்துடுங்க. குளத்துக்குப் போற ஆமை தானே போகும், புதருக்குப் போறதும் தானே போகும். நாம செய்ய வேண்டியது லாரியிலிருந்து காப்பாத்துறது மட்டும்தான்.

திருத்தணியும் ஆமையும் ஒண்ணு

இந்தக் குடும்பப் பேரெல்லாம் ஆதிகாலத்திலிருந்து அப்படியே இருக்குன்னு நினைச்சா, அங்கேதான் ட்விஸ்ட்.

1812-ல் ஷ்வைகர் என்ற ஜெர்மானியர் நம்ம கருப்பு ஆமைக்குப் பேர் வைக்கும்போது, அதை 'எமிஸ்' பேரினத்தில் சேர்த்தார். எமிஸ் என்பது ஐரோப்பாவின் குளத்தாமை. குளத்தில் இருக்கு, கெட்டியான ஓடு, விரலில் சவ்வு. அப்போ ஒரே ஜாதகம்தானேன்னு முடிவு. இப்படியே ரொம்ப காலத்துக்கு நம்ம ஆசியக் குளத்தாமைகளும் அமெரிக்கா, ஐரோப்பா குளத்தாமைகளும் எமிடிடேங்கிற ஒரே கூட்டுக்குடும்பமா வாழ்ந்தாங்க. 1980-களில் தனிக்குடித்தனம். எலும்புகளைக் கூர்ந்து பார்த்து, ஆசியக்காரங்களை 'பட்டாகுரிடே'ன்னு பிரிச்சு வச்சாங்க. அப்புறம் யாரோ பழைய ரெக்கார்டைத் தூசி தட்டினா, இதே கூட்டத்துக்கு 1868-லேயே தியோபால்ட் என்பவர் 'ஜியோஎமிடிடே'ன்னு பேர் வச்சிருக்கார்! முதல்ல வச்ச பேருக்குத்தான் முன்னுரிமைங்கிறது பேர் சூட்டும் விதி. அதனால மறுபடி போர்டு மாறிச்சு.

திருத்தணிக்காரங்களுக்கு இது புரியாம இருக்காது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தப்போ சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போச்சு. ம.பொ.சி. முன்னால் நின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கல்பட்டு மாவட்டமாச்சு. 1997-ல் திருவள்ளூர் மாவட்டமாச்சு. மலை ஒரு இன்ச் நகரலை. படி 365-தான். அட்ரஸ் மட்டும் மாறிக்கிட்டே இருந்தது. குளத்தில் கிடந்த ஆமைக்கும் அதேதான்.

ஒரே ஒரு வித்தியாசம். ஊரின் எல்லையை மனுஷங்க பேசி முடிவு பண்ணலாம். ஆமையின் எல்லையை அதோட ரத்தம்தான் முடிவு பண்ணும். டி.என்.ஏ. ஆய்வு வந்தப்புறம் தெரிஞ்சது என்ன தெரியுமா? நம்ம கருப்பு ஆமைக்கு நெருங்கிய சொந்தம், அச்சு அசலா அதே மாதிரி நீந்துற செங்காது இல்ல. தண்ணியில் விட்டா மூழ்கிப்போற நட்சத்திர ஆமைதான்!

எப்படி? நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் தமிழ்நாடு பஸ்ஸும் நிக்கும், ஆந்திரா பஸ்ஸும் நிக்கும். ரெண்டு கண்டக்டரும் காக்கி போட்டிருந்தா அண்ணன் தம்பின்னு சொல்லிடுவோமா? வேலை ஒண்ணு, அதனால யூனிஃபார்ம் ஒண்ணு. குளத்தில் பொழைக்கணும்னா தட்டையான ஓடும் சவ்வு விரலும் வேணும். அமெரிக்காவில் ஒரு குடும்பமும் ஆசியாவில் ஒரு குடும்பமும் தனித்தனியா அந்த யூனிஃபார்மைத் தச்சுப் போட்டுக்கிச்சு. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்களுக்கு அவங்க பாஷையில் சொல்லணும்னா, அவுட்புட் ஒண்ணா இருக்கிறதால பேஸ் க்ளாஸும் ஒண்ணுன்னு நினைச்சுடக் கூடாது.

கலரும் அப்படித்தான் ஏமாத்தும். 2020 ஜூலையில் ஒடிசாவின் பாலசோர் பக்கம் முழு மஞ்சள் நிறத்தில் ஒரு ஆமை கிடைச்சு, போட்டோ நாடு முழுக்கச் சுத்திச்சு. புது இனமா? இல்ல. நம்ம பாலாமையேதான், நிறமி இல்லாமப் பிறந்தது. இன்னொரு கூத்து, பாலாமையோட பேர். பங்டாட்டா என்றால் 'புள்ளி உள்ளது'. ஆனா தெற்கே இருக்கிற நம்ம பாலாமை முதுகில் புள்ளியே கிடையாது! புள்ளி இருக்கிறது வட இந்தியாவில் வாழுற கிளையினத்துக்கு. ரொம்ப காலம் வடக்கத்தி ஆமையைத்தான் அசல் பங்டாட்டான்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. 1980-ல் வெப் என்பவர், அந்தப் பேருக்கு உரிமைக்காரர் தெற்கத்தி ஆமைதான்னு காட்டி, வடக்கே இருக்கிறதுக்கு 'ஆண்டர்சோனி'ன்னு புதுப் பேர் வச்சார். ஆக, புள்ளி இல்லாதவருக்குப் 'புள்ளி'ங்கிற பேர், புள்ளி உள்ளவருக்கு வேற பேர்!

பக்கெட் பார்ட்டிகளுக்கு

இப்போ கச்சேரி. 'இ' சொன்ன தங்கங்களே, முன்னால் வாங்க.

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது'ன்னு ஒரு பழமொழி. அதே நாட்டில், நட்சத்திர ஆமையை வீட்டில் வச்சா அதிர்ஷ்டம் கொட்டும்னு ஒரு நம்பிக்கை. ரெண்டுமே ஆமைக்குத்தான் ஆபத்து. பழமொழியை நம்பினவர் துரத்துவார், அதிர்ஷ்டத்தை நம்பினவர் காசு கொடுத்து வாங்குவார். ராயலசீமை, தமிழ்நாடு புதர்க்காடுகளில் பொறுக்கின நட்சத்திர ஆமைகள் சூட்கேஸில் அடுக்கப்பட்டு சென்னை ஏர்போர்ட்டில் சிக்கின செய்தியை நீங்களே பேப்பரில் பலமுறை படிச்சிருப்பீங்க.

இங்கேதான் பேர் சட்டமா மாறுது. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் விலங்குகளைப் பட்டியல் போட்டுப் பிரிச்சிருக்காங்க. பாலாமை முதல் பட்டியலில், அதாவது புலி இருக்கிற அதே பட்டியலில் இருக்கு. நட்சத்திர ஆமை பல வருஷமா நாலாவது பட்டியலில் கிடந்தது. 2022-ல் சட்டத்தைத் திருத்தி, அதையும் முதல் பட்டியலுக்கு ஏத்திட்டாங்க. 2023 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கு. உலக அளவிலான வணிகத்துக்கும் 2019-லேயே தடை வந்தாச்சு. முதல் பட்டியல் விலங்கு விஷயத்தில் மாட்டினால் குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில், குறைஞ்சது 25,000 ரூபாய் அபராதம். 'சும்மா பக்கெட்டில் வச்சிருந்தேன் சார்'னு சொன்னா கோர்ட்டில் எடுபடாது. ஏற்கெனவே வீட்டில் இருந்தா, வனத்துறைக்கு போன் போட்டு ஒப்படைச்சுடுங்க. நீங்களா காட்டில் கொண்டுபோய் விடாதீங்க.

'அப்போ செங்காது வாங்கிக்கலாம்ல?' அவசரப்படாதீங்க. காயின் சைஸ் குட்டி, வளர்ந்தா சாப்பாட்டுத் தட்டு சைஸ். 20, 30 வருஷம் வாழும். நீங்க டிகிரி முடிச்சு, கல்யாணம் ஆகி, உங்க பையனை ஸ்கூலில் சேர்க்கும்போதும் அது தொட்டியிலேயே இருக்கும். சால்மொனெல்லா கிருமியைக் குழந்தைகளுக்குப் பரப்புதுன்னு, 4 இஞ்ச்சுக்குச் சின்ன ஆமைகளைச் செல்லப்பிராணியா விற்கிறதை அமெரிக்காவே 1975-ல் தடை செய்தது. ஐரோப்பிய யூனியன் 1997-ல் செங்காது இறக்குமதியை நிறுத்திச்சு.

வாங்கினவங்க வளர்க்க முடியாம என்ன பண்றாங்க? 'பாவம், உயிரோட இருக்கட்டும்'னு கோயில் குளத்தில் விடுறாங்க. புண்ணியம்னு நினைச்சுத்தான் விடுறாங்க. ஆனா, உலகத்தின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இதுக்கும் ஒரு இடம் இருக்கு. அது வெயில் காயுற கல்லையும் சாப்பாட்டையும் பிடிச்சுக்கிச்சுன்னா, கருப்பு ஆமைக்கு அங்கே இடம் ஏது? பக்கத்துக் கேரளாவில், பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம், 'குளத்தில் விடாதீங்க, எங்ககிட்ட கொடுங்க'ன்னு மக்களிடம் கேட்டு வாங்குற அளவுக்கு இது பிரச்னை. எது நம்ம ஆமை, எது வெளியூர் ஆமைன்னு பார்த்தவுடனே சொல்லத் தெரிஞ்ச நாலு பேர் ஒரு குளத்தங்கரையில் இருந்தாலே போதும். பாதிப் பிரச்னை தீரும்.

விஜயாவின் ஆமை

கடைசியா ஒருத்தரை அறிமுகப்படுத்தணும். பேர் ஜே. விஜயா. சென்னையில் காலேஜ் படிக்கும்போதே, அதாவது உங்க வயசில், பாம்புப் பண்ணைக்கு வாலன்டியரா போனவர். இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆராய்ச்சியாளர்னு இவரைச் சொல்றாங்க. வங்கக் கடலோரத்தில் கடலாமைகள் கும்பல் கும்பலா வெட்டப்படுவதை இவர் எடுத்த படங்கள் 1982-ல் 'இந்தியா டுடே'யில் வெளியாகி டெல்லி வரைக்கும் அதிர்ந்தது.

1912-ல் ஹெண்டர்சன் என்பவர் கொச்சி சமஸ்தானக் காட்டில் கிடைச்ச ஒரு குட்டி ஆமைக்குப் பேர் வச்சார். பிரம்பு ஆமை. காட்டுத் தரையில் சருகுக்குள்ள வாழும் ஆமை. கிடைச்சது ரெண்டே ரெண்டு. அதுக்கப்புறம் சுமார் 70 வருஷம் விஞ்ஞானிகள் யார் கண்ணிலும் படலை. பேர் மட்டும் புத்தகத்தில் இருந்தது. 1982-ல் விஜயா அந்தக் காட்டுக்குப் போனார். காடர் பழங்குடி மக்களோட உதவியோட அங்கேயே தங்கித் தேடினார். கண்டுபிடிச்சார். அப்போ அவருக்கு இருபதுகளின் தொடக்கம்.

1987-ல், 28 வயசில் விஜயா இறந்துட்டார். அந்த ஆமையை அவர் காலத்தில் 'ஜியோஎமிடா' பேரினத்தில் வச்சிருந்தாங்க. 2006-ல் டி.என்.ஏ.வைப் பார்த்தவங்க, 'இது அந்தக் கூட்டத்தோட சேராது, தனிப் பேரினம்'னாங்க. தனிப் பேரினம்னா புதுப் பேர் வேணும். 'விஜயகெலிஸ்'னு வச்சாங்க. விஜயாவின் ஆமை. உலகத்தில் அந்தப் பேரினத்தில் இருக்கிறது அந்த ஒரே ஒரு இனம்தான்.

விஜயாகிட்ட டி.என்.ஏ. மெஷின் கிடையாது, செல்போன் கேமராவும் கிடையாது. ஒரு நோட்டும், ஆமையை ஆமைன்னு மட்டும் சொல்லிட்டு நகர்ந்துபோகாத கண்ணும்தான் இருந்தது. உங்க பாக்கெட்டில் கேமரா இருக்கு. ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி ஆப்பில் ஒரு போட்டோவைப் போட்டா, பேர் சொல்ல எங்கிருந்தோ ஆட்கள் வர்றாங்க.

ஆக, இந்த வார ஹோம் ஓர்க்: உங்க ஊர் ஏரிக்கோ கோயில் குளத்துக்கோ ஒரு ரவுண்டு போங்க. தொடாதீங்க, தூக்காதீங்க. தூரத்திலிருந்து மூணே கேள்வி கேளுங்க. ஓட்டில் தகடு இருக்கா, தோலா? முதுகில் மூணு வரப்பு இருக்கா? கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கா? விடையை, தேதியோட, குளத்தின் பேரோட நோட்டில் எழுதி வைங்க. அப்படி எழுதி வச்சிருக்கிற ஊர்கள் நம்ம பக்கம் ரொம்பக் கம்மி. உங்க ஊர் முதல் ஊரா இருந்துட்டுப் போகட்டுமே.

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே. அதுவரைக்கும் லாரி பார்த்து ரோட்டைக் கடங்க. நமக்கு ஓடு கிடையாது!